ஸோஃப் எடுத்த முடிவு

கோல்கீப்பர்களுக்குப் பயிற்சியாளர் வேலை ஒத்துவராது என்பவர்கள் டினோ ஸோஃபை மறந்துவிடுகிறார்கள். 1982இல், 40 வயதில், கேப்டனாக இத்தாலிக்கு உலகக் கோப்பையை வாங்கித் தந்தவர். 1990இல் பயிற்சியாளராக யுவென்டஸுக்கு ஒரே பருவத்தில் இரண்டு கோப்பைகள். அப்படியும் அந்தக் கோடையிலேயே அவரை அனுப்பிவிட்டார்கள்! பிறகு 2000 யூரோ இறுதியாட்டத்தில் பிரான்சை வெல்ல, அவர் பயிற்றுவித்த இத்தாலிக்குச் சில நொடிகளே பாக்கி. பிரான்சின் வில்டோர்ட் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் அதே அணியின் ட்ரெஸகே, ஆட்டத்தை அங்கேயே முடித்துவைக்கும் தங்க கோல் அடித்தார். பிரான்சின் ஜிடானை மறிக்கத் தனியாக ஓர் ஆளை நிறுத்தவில்லை என்று ஏசி மிலன் உரிமையாளரும் அரசியல்வாதியுமான பெர்லுஸ்கோனி பகிரங்கமாகச் சாடினார். ஸோஃப் உடனே பதவி விலகினார். அவசரப்பட்டார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்துப் பேரோடு போராடி நெதர்லாந்தை வீழ்த்தி இறுதிவரை வந்த அணியின் பயிற்சியாளர் அவர். அந்த ஏச்சை அவர் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்?