சதுர அடி என்ன விலை?

திருவள்ளூரில் ஏதாவது ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்குள் எட்டிப் பாருங்கள். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி... எதுவானாலும் அரை மணியில் மாலை போட்டு, பின்னால் மேகம் வைத்து, பக்கத்தில் ஒரு சிங்கத்தையும் நிறுத்தித் தருவான் அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பையன். அதுவும் டிஜிட்டல் ஓவியம்தான் சார்! விலை, சதுர அடிக்கு இவ்வளவு. டிசைன் பெரும்பாலும் இனாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பை டன் கணக்கில் விற்கிறார்கள். இங்கே கற்பனையை அடிக்கணக்கில்.

அதே மவுஸ், அதே சாஃப்ட்வேர். 2021 மார்ச் 11-ம் தேதி கிறிஸ்டீஸ் ஏலத்தில் 'பீப்பிள்' என்கிற அமெரிக்கர் மைக் விங்கெல்மனின் ஒரு ஜேபெக் ஃபைல் 6 கோடியே 93 லட்சம் டாலருக்குப் போனது. நம்ம பணத்தில் சுமார் 500 கோடி. 2007 மே 1-ல் ஆரம்பித்து, தினம் ஒன்றாக அவர் போட்ட 5,000 படங்களை ஒட்டிய கட்டம் அது. பதிமூணு வருஷம் ஒருநாள் விடாமல் செய்வது லேசில்லை. அதற்கு ஒரு சலாம். ஆனால், அதே படத்தை நீங்கள் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டே செல்போனில் ஓசியில் பார்க்கலாம். 500 கோடி கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது? பிளாக்செயின் பேரேட்டில் 'இது இவருடையது' என்று ஒரு வரி. காப்புரிமைகூட இல்லை!

வாங்கியவர் 'மெட்டாகோவன்'. நிஜப் பெயர் விக்னேஷ் சுந்தரேசன். தமிழர். கூட்டாளி ஆனந்த் வெங்கடேஸ்வரன். வெள்ளைக்காரர்தான் கலைப் புரவலரா, நாங்களும் ஆகலாம் என்று காட்டத்தான் வாங்கினோம் என்று எழுதினார்கள். நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. கணக்கைப் பார்த்தால் கொஞ்சம் குனிகிறது.

அந்த ஏலத்துக்கு முன்பே அவர்களுடைய 'மெட்டாபர்ஸ்', பீப்பிளின் 20 படங்களை 22 லட்சம் டாலருக்கு வாங்கி, ஒரே மூட்டையாகக் கட்டி, 'பி.20' என்று டோக்கன் போட்டு விற்றது. பெரும்பங்கு அவர்களிடமே. பீப்பிளுக்கும் 2 சதவீதம். 2021 ஜனவரியில் அரை டாலர்கூடப் பெறாத டோக்கன், ஏலம் நடந்த மார்ச்சில் 20 டாலரைத் தாண்டியது. சில மாதத்தில் ஒரு டாலருக்கும் கீழே. சட்டப்படி தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால், மனை வியாபாரம் பார்த்த திருவள்ளூர்க்காரரிடம் கேளுங்கள்... கையில் 20 பிளாட் இருக்கும்போது, பக்கத்து பிளாட்டைக் கூடக் கொடுத்து வாங்கினால் என்ன ஆகும் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

பணமும் டாலராகப் போகவில்லை, 42,329 ஈதர். பெட்டி நிறைய ஈதர் வைத்திருப்பவருக்கு, அது கிறிஸ்டீஸிலேயே செல்லும் என்று ஊருக்குக் காட்டுவதே லாபம்தானே? ஓவியர் அதைவிடக் கெட்டிக்காரர். வந்ததில் 5 கோடி டாலருக்கு மேல் சட்டென்று ரொக்கமாக்கிக்கொண்டார். இது நீர்க்குமிழிதான் என்று டி.வி-யிலேயே சொன்னார்.

இதைப் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கப் படம் போட்டு என்.எஃப்.டி. ஆக்கிய நம்ம பசங்களை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஈதரியத்தில் பதிவதற்கே கட்டணம். படம் விற்றாலும் விற்காவிட்டாலும் அது போனது போனதுதான். கைமாறும்போதெல்லாம் ஓவியருக்குப் பங்கு வரும் என்றார்களே? பெரிய சந்தையான ஓப்பன்சீ, 2023-ல் 'இஷ்டமிருந்தால் கொடுங்கள்' என்று மாற்றிவிட்டது.

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 53ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஓவியத்தின் மூலப்பிரதி 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் வரைந்தவருக்குப் பங்கு உண்டு. மவுஸில் வரைந்தால் எது மூலப்பிரதி? அதைச் சட்டத்தில் தெளிவாக எழுதச் சொல்லிக் கேட்போம். ஃப்ளெக்ஸ் கடை பில்லில் 'டிசைன்' என்று தனியாக ஒரு வரி போடச் சொல்லியும் கேட்போம்.