இலங்கை வரலாற்றில் விடுபட்ட நவம்பர்

இலங்கை வரலாறு என்று பேச்சு வந்தால் நம் சங்க மேடைகளில் அது பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் ஓடுகிறது. எல்லாளனில் புறப்பட்டு, ராஜராஜ சோழன், யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் என்று பெரிய ஸ்டேஷன்களில் மட்டும் நின்று, 1948 பிப்ரவரி 4-ல் சுதந்திரம் என்றதும் வண்டி நின்றுவிடும். பிறகு கைதட்டல், காபி. சிங்கள அன்பர்கள் சொல்லும் வரலாற்றிலும் ஸ்டேஷன் பெயர்கள்தான் வேறு: துட்டகைமுனு, விஜயபாகு, பராக்கிரமபாகு. இரண்டு வண்டியும் நிற்காமல் கடந்துபோகும் இடம் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

மன்னர்கள் கதையே வேண்டாம் என்பதல்ல என் வாதம். அதிலும் நாம் கவனிக்காமல் விட்டவை உண்டு. எல்லாளன் அனுராதபுரத்தில் 44 ஆண்டுகள் நீதி தவறாமல் ஆண்டான் என்று சொல்வது, பௌத்த பிக்குகள் பாலி மொழியில் எழுதிய மகாவம்சம். அவனை வென்ற துட்டகைமுனு, அவன் சமாதிக்கு மரியாதை செய்ய ஆணையிட்டதையும் அதே நூல்தான் சொல்கிறது. கண்டியின் கடைசி நான்கு அரசர்கள் மதுரை நாயக்கர் உறவில் வந்தவர்கள். அவர்களில் ஒருவரான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில்தான், 1753-ல், சயாமிலிருந்து பிக்குகள் வரவழைக்கப்பட்டு, அற்றுப்போயிருந்த பௌத்தத் துறவுத் தீட்சை மீண்டும் தொடங்கியது. கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815-ல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, வேலூரில் சிறையிருந்து 1832-ல் இறந்தார். இதில் எங்கே கோடு கிழித்து இந்தப் பக்கம் சிங்களவர், அந்தப் பக்கம் தமிழர் என்று பிரிப்பது?

ரயில்வேயில் லெவல் கருவியோடு காலம் தள்ளிய எனக்கு, அந்த நாட்டின் பழம்பெருமை என்றால் போர்களைவிட ஏரிகள்தான். 5-ம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டிய கலாவெவ ஏரியிலிருந்து அனுராதபுரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக ஏறக்குறைய 54 மைலுக்கு ஒரு கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். அதன் முதல் 17 மைலில் சரிவு மைலுக்கு 6 அங்குலம்தான். 10,000 அடி போனால் ஓர் அடிகூட முழுதாக இறங்காது! இன்றைய கருவிகளை வைத்துக்கொண்டே இதைப் பிசகாமல் செய்ய எத்தனை பாடு என்பது மண்வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆழமான ஏரியில் தண்ணீரின் வேகத்தை அடக்கி வெளியே விடுவதற்குக் கரைக்குள்ளேயே சதுரக் கிணறு போலக் கட்டிய 'பிசோ கொட்டுவ' என்ற மதகு அமைப்பை, ஆங்கிலேய நீர்ப்பாசனப் பொறியாளர் ஹென்றி பார்க்கர் 1909-ல் வெளியிட்ட நூலில் வியந்து எழுதியிருக்கிறார்.

இந்த ஏரிகளுக்கெல்லாம் மன்னர் பெயர் இருக்கிறது. மண் சுமந்தவன் பெயர் இல்லை. அது பழங்காலம், போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் 19-ம் நூற்றாண்டிலும் அதேதான் நடந்தது.

1830-களிலிருந்து ஆங்கிலேயர் கண்டி மலைகளைக் காப்பித் தோட்டங்களாக மாற்றியபோது, திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணிமார் ஆள் திரட்டிக் கொண்டுபோனார்கள். மன்னார்ப் பக்கம் கரையிறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடை. காய்ச்சலிலும் காலராவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். காப்பி மூட்டைகளைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகத்தான் கண்டிக்கு ரயில் பாதை போட்டார்கள், 1867-ல் திறப்பு. கடுகண்ணாவ ஏற்றத்தில் 45-க்கு 1 சரிவு, அதுவும் அகலப் பாதை! பிறகு இலைநோயில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. பாதை மேலும் ஏறி, 6,200 அடிக்கு மேலுள்ள பட்டிப்பொலவைத் தாண்டி 1924-ல் பதுளையைத் தொட்டது. இன்று சுற்றுலாப் பயணிகள் வாசலில் தொங்கிக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளும் பாதை அது. பாறை உடைத்தவர்களிலும் தண்டவாளம் சுமந்தவர்களிலும் பெரும் பகுதி நம் ஊர்க்காரர்கள்.

1931-ல் டொனமூர் அரசியல் திட்டப்படி ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. ஆசியாவிலேயே அது முன்னோடி. தோட்டத் தொழிலாளரிலும் பலர் வாக்காளரானார்கள். 1947 தேர்தலில் தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1946 கணக்கெடுப்பில் இந்திய வம்சாவளித் தமிழர் 7 லட்சத்து 80 ஆயிரம், இலங்கைத் தமிழர் 7 லட்சத்து 34 ஆயிரம். மலையகத்தார் எண்ணிக்கையிலும் கூடுதல் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பிப்ரவரியில் சுதந்திரம். அதே ஆண்டு நவம்பர் 15-ல் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நீ இலங்கையில் பிறந்தால் போதாது. உன் தகப்பனாரும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அதை நிரூபிக்கவும் வேண்டும். லயத்து அறையில் பிறந்தவனுக்குப் பாட்டனின் பிறப்புச் சான்றிதழ் எங்கே கிடைக்கும்? ஒரே சட்டத்தில் லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று.

இதற்கு டி.எஸ்.சேனநாயக்காவின் அரசை மட்டும் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை. அந்தச் சட்டத்தை எதிர்த்த ஜி.ஜி.பொன்னம்பலம் அதே ஆண்டில் அதே அரசில் அமைச்சரானார். அதை ஏற்காத செல்வநாயகம் பிரிந்துபோய் 1949-ல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இந்திய அரசோ 1964-ல் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று சரக்கு மூட்டைபோல் எண்ணிப் பிரித்துக்கொண்டது. அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். எஞ்சியவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-ல்தான் வந்தது. சுதந்திரத்துக்கும் அதற்கும் இடையே 55 ஆண்டுகள்.

அப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் நம் கர்நாடகத்திலேயே, சுள்ளியா, புத்தூர்ப் பகுதி ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். கண்டி மலையில் கொழுந்து பறித்த கை இங்கே ரப்பர்ப் பால் வடித்தது. எல்லாளனுக்கு விழா எடுக்க நினைக்கிற நாம் அவர்களைத் தேடிப் போயிருக்கிறோமா?

பெரியவர்களாக வந்தவர்களில் பலர் காலமாகிவிட்டார்கள். பிள்ளைகளாகக் கப்பலில் வந்தவர்களுக்கே இப்போது அறுபதுக்கு மேல் வயது. பெங்களூரிலிருந்து சுள்ளியா ஓர் இரவுப் பயணம்தான். எந்தத் தோட்டம், எந்த லயம், எந்த ஆண்டு கப்பலேறினீர்கள், கையில் என்ன கொண்டுவந்தீர்கள், மண்டபம் முகாமில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்று கேட்டுப் பதிவுசெய்ய நம் இளைஞர்கள் கையிலிருக்கும் செல்போனே போதும். செயற்குழு இதற்கென்று நாலைந்து பேரை ஒதுக்கினால், பஸ் செலவை என் பென்ஷனிலிருந்து ஏற்றுக்கொண்டு முதல் ஆளாக நானும் வருகிறேன். மழைக்காலத்துக்கு முன் போய்விடுவது நல்லது. ஜூன் பிறந்தால் அந்தப் பக்கம் மலைப்பாதை சிரமம்.