வலியை மறைப்பது வீரமா?



விளையாட்டு என்று இருந்தால் அடியும் இருக்கத்தான் செய்யும். இதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் அடிபட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

கபடியில் ஒரு மாணவன் கையை ஊன்றி விழுகிறான் என்று வைத்துக் கொள்வோம். உடனே சுற்றிலும் கூட்டம் கூடுகிறது. ஒருவன் கையைப் பிடித்து இழுக்கிறான். "உதறு, சரியாகிவிடும்" என்கிறான் இன்னொருவன். வேறொருவன் சோடா வாங்க ஓடுகிறான். அடிபட்டவனோ, வீட்டில் திட்டு விழுமே என்று அஞ்சி வாயைத் திறப்பதில்லை. இரவில் கை வீங்கிய பிறகுதான் விஷயம் வெளியே வருகிறது. மறுநாள் தைலம் தேய்த்து உருவுகிறார்கள். பிறகு நாட்டுக்கட்டு. ஒன்றும் பலிக்காவிட்டால், கடைசியில் மருத்துவமனை.

இந்த வரிசை தலைகீழானது என்பதே என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

உங்கள் எலும்பு வேறு, பெரியவர் எலும்பு வேறு

நீங்கள் உயரமாக வளர்வது எப்படி? கை கால்களின் நீண்ட எலும்புகளில், முனைகளுக்கு அருகே குருத்தெலும்பால் ஆன மெல்லிய வளர்தட்டு உள்ளது. அங்கேதான் புதிய எலும்பு உண்டாகிறது. பெண்களுக்கு ஏறக்குறைய 13 முதல் 15 வயதிலும், ஆண்களுக்கு 15 முதல் 17 வயதிலும் இந்தத் தட்டுகள் பெரும்பாலும் மூடி எலும்பாகி விடுகின்றன. அதாவது, உயர்நிலைப் பள்ளி மாணவர்களாகிய உங்களில் பலருக்கு அவை இன்னும் திறந்தே இருக்கின்றன.

வளர்தட்டு, மூட்டைக் கட்டி வைத்திருக்கும் தசைநாரை விட வலுக் குறைந்தது. ஆகவே பெரியவருக்கு வெறும் சுளுக்கில் முடியும் ஒரு விழுதல், உங்களுக்கு வளர்தட்டின் முறிவாகி விடக்கூடும். அதைக் கவனியாமல் விட்டால் அந்த எலும்பு வளைந்தோ குட்டையாகவோ வளர நேரலாம். "வெறும் சுளுக்குதான்" என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது. தேர்ந்த மருத்துவரும் எக்ஸ்-ரே எடுத்துத்தான் பார்க்கிறார்.

1895-ஆம் ஆண்டு ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே மருத்துவர்கள் எலும்பு முறிவைக் காண அவற்றைப் பயன்படுத்தத் தொடங்கினர். தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. அது எல்லோருக்கும் பயன்பட வேண்டும் என எண்ணினார். நூற்றாண்டுக்கு மேலாகியும் நாம் அதைப் பயன்படுத்தத் தயங்குவது சரியா?

"தாத்தாவுக்குக் குணமாயிற்றே!"

இப்படி நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எலும்பை வைத்தியரும் ஒட்ட வைப்பதில்லை, டாக்டரும் ஒட்ட வைப்பதில்லை. அது தானாகவே ஒட்டிக் கொள்கிறது. முறிந்த இடத்தில் இரத்தம் உறைகிறது. அங்கே மென்மையான இணைப்புத் திசு தோன்றுகிறது. சில வாரங்களில் அது கடினமான எலும்பாகிறது. விலகாத சிறு கீறல் என்றால், அசையாமல் வைத்திருந்தாலே போதும். தாத்தாவுக்குக் குணமானதில் வியப்பில்லை.

ஆனால் குணமானவர்கள்தாம் ஊரெல்லாம் சொல்கிறார்கள். கை கோணலாகிப் போனவர் தெருவில் நின்று அதைச் சொல்வதில்லை. அறிவியல் மாணவர் இரு சாராரையும் எண்ணிப் பார்க்க வேண்டும் அல்லவா? விலகிய எலும்பு, விலகிய இடத்திலேயே ஒட்டிக் கொண்டால் என்ன ஆகும்? எந்த இடத்தில், எப்படி முறிந்தது என்று அறியாமல் கட்டுவது, விடை தெரியாமல் கோடிட்ட இடத்தை நிரப்புவது போன்றதே.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அடிபட்ட முதல் ஓரிரு நாட்களில் வீக்கம் கூடும். மூங்கில் சிம்பு வைத்து இறுக்கிய கட்டு, வீக்கத்துக்கு இடம் கொடுக்காது. இரத்தக் குழாய்கள் நசுங்கும். இரத்தம் கிடைக்காத தசை, ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் மீளாத சேதம் அடைகிறது. பிறகு விரல்கள் மடங்கி, பருந்தின் நகம் போல நின்றுவிடும். இந்நிலையை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபோல்க்மன் 1881-ஆம் ஆண்டிலேயே விவரித்திருக்கிறார். சில வேளைகளில் கையையே எடுக்க நேரிடுகிறது. மருத்துவமனையில் போடும் மாவுக்கட்டும் இறுகக்கூடும். அதனால்தான் கையை உயர்த்தி வைக்கும்படியும், விரல் மரத்தால் உடனே வரும்படியும் அங்கே சொல்லி அனுப்புகிறார்கள்.

ஓர் எளிய சோதனை. உங்கள் விரல் நகத்தை அழுத்துங்கள், வெளுக்கும். விடுங்கள், இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்பி விடும். கட்டுப் போட்ட கையில் அது திரும்பத் தாமதமானாலும், விரல் மரத்தாலும், குளிர்ந்தாலும், விரலை நீட்டும்போது வலி மிகுந்தாலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. இரவானாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

அடிபட்ட இடத்தை இழுக்காதீர்கள், உருவாதீர்கள். அட்டையோ, சுருட்டிய செய்தித்தாளோ வைத்து, மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாதபடி தளர்வாகக் கட்டுங்கள். பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். சோடாவும் வேண்டாம், பலகாரமும் வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும். தலையில் அடிபட்டவர் அன்று மீண்டும் களம் இறங்கக் கூடாது. அவர் வாந்தி எடுத்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008 முதல் கட்டணமின்றி ஓடுகிறது.

"ஒரு நாள் கூலி போய்விடுமே" என்று பெற்றோர் தயங்குவதும் உண்மைதான். அந்தத் தயக்கத்தை நாம் ஏளனம் செய்யக்கூடாது. ஆனால் கோணலாக ஒட்டிய எலும்பை மீண்டும் அறுவை செய்து நேராக்க எத்தனை நாள் கூலி போகும்? மாவட்ட அரசு மருத்துவமனையில் எக்ஸ்-ரே கருவியும் உண்டு, எலும்பு மருத்துவரும் உண்டு. இதை வீட்டில் எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தாம்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் அடியை மறைப்பது வலிக்குப் பயந்து அல்ல. உங்கள் திட்டுக்குப் பயந்தே. மாணவிகளும் மறைக்கிறார்கள். "இதற்குத்தான் பெண் பிள்ளைக்கு விளையாட்டு வேண்டாம் என்றேன்" என்ற ஒரு சொல், ஒரு நல்ல ஆட்டக்காரியை வீட்டுக்குள் முடக்கிவிடும். முதலில் மருத்துவமனை, விசாரணை பிறகு என்று இருந்தால் எந்தப் பிள்ளையும் மறைக்காது.

பள்ளிகளுக்கும் கடமை உண்டு. போட்டிக்குப் பந்தும் கோப்பையும் வாங்கும்போது, ஒரு முதலுதவிப் பெட்டியும் வாங்க வேண்டும். அடிபட்டவருடன் மருத்துவமனைக்குச் செல்ல ஓர் ஆசிரியரை முன்கூட்டியே குறித்து வைக்க வேண்டும். உங்கள் பள்ளியில் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது? அதில் என்னென்ன உள்ளன? நாளைக்கே விளையாட்டு ஆசிரியரிடம் கேளுங்கள்.

வலியைப் பொறுத்துக் கொண்டு ஆடுவதை வீரம் என்று நண்பர்கள் கைதட்டலாம். "எனக்கு வலிக்கிறது, மருத்துவரைப் பார்க்க வேண்டும்" என்று அந்தக் கூட்டத்தின் நடுவே சொல்வதற்குத்தான் அதைவிட அதிகத் துணிவு வேண்டும். அப்படிச் சொல்பவர், சில வாரங்கள் கழித்து மீண்டும் களத்துக்கு வருவார்.