மீண்டு வந்தவர்களுக்குச் சபையில் இடம் வேண்டும்!

செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் 24 அடியைத் தொட்டால் சென்னை நகரம் முழுவதற்கும் அது செய்தி. மதகு திறந்தால் உபரி நீர் அடையாற்றில் கலந்து கடலுக்கு ஓடுகிறது. அந்த ஆறு கடலைத் தொடும் அடையாறு வட்டாரத்தில்தான் நாடறிந்த புற்று நோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. மேற்கே, காஞ்சிபுரத்துக் காரப்பேட்டையில், அண்ணா பெயரால் சர்க்கார் புற்று நோய் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஏரிக்கரைக் கிராமங்களில் வாழும் உழைக்கும் பெண், இவற்றில் ஒன்றின் வாசலை மிதிக்கும்போது பெரும்பாலும் நோய் முற்றிவிடுகிறது. ஏன்?

"மக்களின் அறியாமை" என்று ஒரே வார்த்தையில் அதிகாரிகள் பதில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். இந்தப் பதிலை நாம் ஏற்பதற்கில்லை.

நாற்று நடப் போகிறவள், கட்டடத்தில் சித்தாள் வேலை செய்கிறவள், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் காண்ட்ராக்ட் கூலியாக நிற்கிறவள், இவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு நாள் என்றால் ஒரு நாள் கூலி நஷ்டம். மார்பில் கட்டி என்றோ, உதிரப்போக்கு என்றோ வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். புற்று நோய் என்றால் சாவுதான் என்ற பயம். கூலியும் கூச்சமும் பயமும் சேர்ந்து போட்ட பூட்டு இது. இதன் சாவி டாக்டரிடம் மட்டும் இல்லை. அதே தெருவில், அதே நோய் வந்து, சிகிச்சை பெற்று, பிழைத்து வந்து மறுபடியும் களத்து மேட்டில் நிற்கிற பெண்ணிடமும் இருக்கிறது. அவளைப் பிரச்சாரத்திலும் ஆராய்ச்சியிலும் பங்காளியாக்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

இது புதுமையான கோரிக்கையா? சரித்திரத்தைப் பாருங்கள். அடையாறு ஆஸ்பத்திரி சர்க்கார் தானாக நினைத்துக் கட்டிய ஸ்தாபனம் அல்ல. தங்கையைப் புற்று நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் இந்திய மாதர் சங்கத்துப் பெண்களும் ஆண்டுக் கணக்கில் போராடி, நிதி திரட்டி எழுப்பியது அது. 1952ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ல் 12 படுக்கைகளுடன் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் தங்கள் ஆயுளை அதற்கே கொடுத்தார்கள். நோயால் அடிபட்ட குடும்பத்தின் வேதனைதான் தமிழகத்தின் புற்று நோய் சிகிச்சைக்கே கால்கோள் இட்டது. அந்த வேதனைக்கு இன்று ஆராய்ச்சிச் சபையில் நாற்காலி இல்லை என்றால் அது நியாயமா?

அடுத்து திண்டுக்கல் ஜில்லாவைப் பாருங்கள். 2000 முதல் 2003 வரை அங்கே உலகம் கவனித்த ஓர் ஆராய்ச்சி நடந்தது. அம்பிலிக்கை கிறிஸ்தவ ஆஸ்பத்திரியும் அடையாறு ஆஸ்பத்திரியும் சர்வதேசப் புற்று நோய் ஆராய்ச்சி ஸ்தாபனமும் அதில் இணைந்திருந்தன. 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்று நோய் இருக்கிறதா என்று கண்டறியும் சோதனை. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. காடியில் இருக்கிற அதே அமிலத்தை நீர்க்கக் கலந்து தடவினால், கெட்டுப்போகத் தொடங்கிய இடம் வெளுத்துக் காட்டும். பயிற்சி பெற்ற நர்ஸுகளே செய்தார்கள். சோதனைக்கு அழைக்கப்பட்ட பிரிவில் இந்நோயால் சாவது 35 சதவிகிதம் குறைந்தது என்று 2007ல் முடிவு வெளியாயிற்று. மகத்தான சாதனை. மறுக்கவில்லை.

ஆனால் அதே அறிக்கையின் மற்ற எண்களையும் படியுங்கள். அழைக்கப்பட்ட 49,311 பெண்களில் வந்தவர்கள் 31,343 பேர். ஏறத்தாழ 18,000 பேர் வரவில்லை. நோயின் முன்நிலை கண்டுபிடிக்கப்பட்ட 1,874 பேரில் சிகிச்சை பெற்றவர்கள் 72 சதவிகிதம். நோய் வரப்போகிறது என்று தெரிந்த பிறகும் நாலில் ஒரு பங்குக்கு மேல் சிகிச்சை பெறவில்லை! ஏன் வரவில்லை, ஏன் பாதியில் நின்றார்கள்? இந்தக் கேள்விக்கு நுண்பெருக்கிக் கண்ணாடியில் பதில் கிடைக்காது. வராதவளைக் கேட்க வேண்டும். வந்து பிழைத்தவளைக் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சோதனை வழங்கப்படாத பிரிவில் 30,958 பெண்கள் வைக்கப்பட்டார்கள். அவர்களில் 92 பேர் இந்நோயால் இறந்தார்கள். வழக்கமான வைத்திய வசதி மட்டுமே அவர்களுக்கு. இந்தியாவில் நடந்த இத்தகைய ஆராய்ச்சிகளில் இப்படி ஒரு பிரிவை வைத்தது தர்மமா என்று பின்னால் உலக வைத்திய அறிஞர்களிடையே பெரும் வாதம் நடந்தது. வாதம் ஆராய்ச்சி முடிந்த பிறகு நடந்தது. திட்டம் தீட்டும்போதே கிராமத்துப் பெண்கள் நாலு பேர் சபையில் உட்கார்ந்திருந்தால், "எங்கள் ஊருக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று முதல் நாளே கேட்டிருப்பார்கள் அல்லவா?

மக்களை விலக்கிவைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு கம்மம் ஜில்லா சாட்சி. 2009ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு இந்நோயைத் தடுக்கும் ஊசி போடப்பட்டது. "பாத்" என்ற அமெரிக்க ஸ்தாபனம் நடத்திய திட்டம் அது. மருந்து பன்னாட்டுக் கம்பெனிகளுடையது. கம்மத்தில் ஆதிவாசிக் குழந்தைகள் பலருக்குப் பெற்றோர் சம்மதம் இல்லை. விடுதி வார்டன்களே கையெழுத்துப் போட்டார்கள். தோழர் பிருந்தா காரத்தும் மாதர் அமைப்புகளும் எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். 2010 ஏப்ரலில் மத்திய சர்க்கார் திட்டத்தை நிறுத்தியது. 2013ல் பார்லிமெண்ட் நிலைக்குழு கடுமையான அறிக்கை கொடுத்தது.

இதில் நிதானம் தேவை. இறந்துபோன ஏழு சிறுமிகளின் மரணத்துக்கு ஊசி காரணம் என்று விசாரணையில் நிரூபணமாகவில்லை. தடுப்பூசி நல்லது, உலகெங்கும் பல கோடிப் பெண்களைக் காக்கிறது. ஆனால் சம்மதத்தைத் திருடியவர்கள் நம்பிக்கையையும் சேர்த்துக் கொன்றார்கள். 14 வயதுப் பெண்களுக்கு இந்த ஊசியை இலவசமாகப் போடுவதாகத் தமிழக சர்க்கார் 2025 பட்ஜெட்டில் அறிவித்தது. வரவேற்கிறோம். ஊசி குத்துவதற்கு முன்னால் தாயின் சந்தேகத்துக்கு யார் பதில் சொல்வது? சுவரொட்டியா? நோயை அனுபவித்து மீண்ட பெண் வந்து சொல்லட்டும், தாய் நம்புவாள்.

"எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஆராய்ச்சி என்ன புரியும்?" என்று சில மேதாவிகள் ஏளனம் செய்யலாம். டாலர் தேசமான அமெரிக்காவிலேயே மார்புப் புற்று நோயிலிருந்து மீண்ட பெண்கள் ஸ்தாபனமாகத் திரண்டு போராடினார்கள். ராணுவ இலாகாவின் கீழ் 1992ல் தொடங்கிய மார்புப் புற்று நோய் ஆராய்ச்சித் திட்டத்தில், எந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பது என்று மதிப்பிடும் குழுக்களில் விஞ்ஞானிகளுக்குச் சமமாக அவர்களுக்கும் ஓட்டுரிமை கிடைத்தது. அதே நாட்டில்தான் 1951ல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற ஏழை நீக்ரோப் பெண்ணின் புற்று நோய் அணுக்களை அவளைக் கேளாமலே எடுத்தார்கள். அவற்றை வைத்துக் கம்பெனிகள் கொழுத்தன. ஒரு கம்பெனி அவள் குடும்பத்துடன் சமரசத்துக்கு வர 2023 ஆயிற்று. கேளாமல் எடுப்பது ஒரு வழி. கூட உட்காரவைத்துக் கேட்பது இன்னொரு வழி. நமக்கு எது வேண்டும்?

நம் நாட்டுச் சட்டத்திலேயே இதற்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் மருந்துப் பரிசோதனை விதிகளின்படி, ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் ஒவ்வொரு நெறிமுறைக் குழுவிலும் சாதாரணப் பிரஜை ஒருவரும் பெண் ஒருவரும் இருந்தாக வேண்டும். அந்த இடங்களில் யாரை உட்காரவைப்பது என்பதே கேள்வி.

ஆகவே நாம் கோருவது:

1. சாதாரணப் பிரஜைக்கான இடத்தை நோயிலிருந்து மீண்ட உழைப்பாளிக்குக் கொடு. மாதர் சங்கமும் தொழிற்சங்கமும் பெயர் சொல்லட்டும்.

2. ஒரு வட்டாரத்தில் ஆராய்ச்சி நடந்தால் அதன் நோக்கத்தையும் முடிவையும் அந்த வட்டார மக்களிடம் தமிழில் எடுத்துச் சொல்.

3. பிரச்சாரத்துக்கு அழைக்கப்படும் பெண்களுக்கு நியாயமான சம்பளம் கொடு. "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீடு வீடாக நடக்கும் பெண்களையும் "தன்னார்வலர்" என்று பெயரிட்டு ஊக்கத்தொகையோடு நிறுத்தாதே. உழைப்புக்குப் பெயர் உழைப்புதான்.

4. சோதனைக்குப் போகும் நாளுக்குச் சம்பளத்துடன் லீவும் பஸ் செலவும் கொடு. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இது பொருந்த வேண்டும்.

5. நோயாளியின் தொழில் என்ன என்பதையும் ஆராய்ச்சி கேட்டு எழுதட்டும். வெல்டிங் புகை புற்று நோய் உண்டாக்கும் என்று சர்வதேச ஸ்தாபனம் 2017லேயே முடிவுசெய்துவிட்டது. ஆலைகள் நிறைந்த இந்த வட்டாரத்தில் அதைப் பற்றி யார் விசாரிக்கிறார்கள்?

இவை டாக்டர்களுக்கு எதிரான கோரிக்கைகள் அல்ல. நேர்மையான டாக்டரின் கையை இவை பலப்படுத்தும்.

தோழர்களே! மே தினத்தன்று கிராம சபை கூடுகிறது. செம்பரம்பாக்கத்திலும் சுற்று வட்டாரக் கிராமங்களிலும் உள்ள நமது மாதர் சங்கக் கிளைகளும் விவசாயத் தொழிலாளர் கிளைகளும் இந்த ஐந்து கோரிக்கைகளையும் தீர்மானமாகக் கொண்டுபோகட்டும். நோயிலிருந்து மீண்டு, பேச முன்வரும் சகோதரிகளை முன்வரிசையில் உட்காரவையுங்கள். அவர்கள் முதலில் பேசட்டும். அதிகாரிகள் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும்!