பெட்டியை மாட்டினால் பொறுப்பு தீர்ந்ததா?

100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறவர் வீட்டில் படம் பாதியில் நிற்கிறது. திரை நடுவே வளையம் சுற்றுகிறது. புகார் கொடுக்கிறார். ஆள் வருகிறார். மடிக்கணினியை லேன் கேபிளால் ரூட்டரில் செருகி வேகம் பார்க்கிறார். 98 காட்டுகிறது. “எங்க லைன்ல பிரச்னை இல்ல சார்” என்று கிளம்புகிறார். புகார் தீர்ந்துவிட்டதாகக் குறுஞ்செய்தியும் வந்துவிடுகிறது. படுக்கையறை டிவியில் வளையம் சுற்றுவது நிற்கவில்லை.

இணைய சேவை நிறுவனங்கள் ஊருக்கு ஊர் இதையே செய்கின்றன. இது ஏமாற்று வேலை.

முழு எச்டி படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 5 எம்பிபிஎஸ். 4கே படத்துக்கு 15. நூறு என்று விற்பவர்களால் பதினைந்தை டிவி வரை கொண்டுசேர்க்க முடியவில்லை.

கோளாறு எங்கே என்பது அவர்களுக்குத் தெரியும். இலவசம் என்று தலையில் கட்டும் ரூட்டர்கள் பலவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே உண்டு. அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே: 1, 6, 11. முப்பது வீடுள்ள அடுக்குமாடியில் முப்பது ரூட்டர்களும் இந்த மூன்றுக்குள் முண்டியடிக்கின்றன. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருக்கும். பெட்டியில் 300 என்று அச்சிட்டிருக்கிறார்கள். அது சேனலின் அகலத்தை இரட்டிப்பாக்கிப் போட்ட கணக்கு. நெரிசலான குடியிருப்பில் அந்த அகலம் கிடைக்காது. கிடைத்தாலும் அச்சிட்ட எண்ணில் பாதி தேறினால் பெரிது.

வீடியோ சில வினாடித் துண்டுகளாக வருகிறது. அடுத்த துண்டு பிந்தினால் படம் முதலில் மங்கும், பிறகு நிற்கும். வேகச் சோதனை சராசரியைச் சொல்லும். நடுவில் விழுந்த இடைவெளியைச் சொல்லாது. கேபிளில் பக்கத்து வீட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதனால்தான் கேபிளில் சோதிக்கிறார்கள். படம் பார்ப்பது வைஃபையில், சோதிப்பது கேபிளில். இந்தச் சோதனையை வைத்துப் புகாரை மூட யார் அதிகாரம் தந்தது?

இந்த நெரிசல் குறைந்த 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை உரிமமின்றிப் பயன்படுத்த மத்திய அரசு 2018 அக்டோபரிலேயே அனுமதித்துவிட்டது. இன்னும் பழைய பெட்டியைக் கொடுப்பதற்குச் செலவு மிச்சம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அந்தப் பெட்டியையும் ஃபைபர் நுழையும் வாசல் கதவுக்கு மேலேயே அடித்துவிட்டுப் போகிறார்கள். டிவி எந்த அறையில், இடையில் எத்தனை கான்கிரீட் சுவர் என்று ஒரு கேள்வி கிடையாது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் என்ன செய்கிறது? அதன் புதிய சேவைத்தர ஒழுங்குமுறை 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளது. தாமதத்துக்கு வரம்பு உண்டு. தரவு இழப்புக்கு வரம்பு உண்டு. வீட்டுக்குள் கிடைக்கும் வைஃபைக்கு எந்த வரம்பும் இல்லை. 2 எம்பிபிஎஸ் இருந்தாலே பிராட்பேண்ட் என்பது மத்திய அரசு 2023இல் வகுத்த இலக்கணம். அந்த வேகத்தில் முழு எச்டி படம்கூட ஓடாது.

கட்டுமான நிறுவனங்களும் தப்ப முடியாது. சாதாரண கேட்-5இ கேபிள் 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும். சுவர் எழுப்பும்போதே அறைக்கு ஒரு குழாய் விட்டால் போதும். விடுவதில்லை. கட்டடங்களின் டிஜிட்டல் இணைப்புக்குத் தரமதிப்பீடு வழங்க 2024இல் ஒழுங்குமுறை வந்தது. விரும்பினால் வாங்கலாம் என்று விட்டுவிட்டார்கள். விரும்பாத நிறுவனத்தின் வீட்டை வாங்கியவர் பிறகு சுவரை உடைக்கிறார்.

இரட்டை அலைவரிசை இல்லாத ரூட்டரைப் புதிய இணைப்புகளுக்குத் தருவதை டிராய் தடை செய்ய வேண்டும். கொடுத்தவற்றை நிறுவனங்கள் தம் செலவில் மாற்றித் தர வேண்டும். டிவி இருக்கும் இடத்தில், வைஃபையில், இரவு ஒன்பது மணி நெரிசலில் அளக்காமல் எந்தப் புகாரையும் மூடக் கூடாது. மூடினால் அந்த மாதக் கட்டணத்தை வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர வேண்டும்.