புண்ணில் தயிர் பூசலாமா?

பேரங்காடியில் விற்கும் தயிர்ப் பானப் பாட்டில்களில் 'புரோபயோட்டிக்' என்ற சொல்லைப் பலமுறை பார்த்திருப்போம். போதிய அளவில் உட்கொண்டால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்களையே அப்படி அழைக்கிறார்கள். வயிற்றுக்கு நல்லது என்று நாம் அறிந்த இந்த நுண்ணுயிர்கள், ஆறாத புண்ணையும் ஆற்றுமா என்று ஆய்வாளர்கள் சில காலமாகச் சோதித்து வருகின்றனர்.

இந்தக் கேள்வி நம் சமூகத்துக்கு மிக நெருக்கமானது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நீரிழிவு நீண்ட காலம் கட்டுப்பாடின்றி இருந்தால் காலின் நரம்புகள் மரத்துப்போகும். இரத்த ஓட்டமும் குறையும். செருப்பு கடித்த சிறு புண்கூட வலிக்காது, எளிதில் ஆறவும் செய்யாது. கிருமிகள் அதில் குடியேறி, தங்களைச் சுற்றிப் பசை போன்ற ஒரு படலத்தை அமைத்துக்கொள்ளும். அதை ஊடுருவ ஆண்டிபயாட்டிக் மருந்துகளே திணறும். காலை அகற்றும் நிலைக்குச் சிலர் தள்ளப்படுவது இப்படித்தான்.

இங்கேதான் நல்ல நுண்ணுயிர்கள் மீது நம்பிக்கை பிறக்கிறது. லாக்டோபேசிலஸ் வகை பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, தீய கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. 2009இல் அர்ஜென்டினா ஆய்வாளர்கள், 80 தீக்காய நோயாளிகளிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். லாக்டோபேசிலஸ் பிளாண்டாரம் பூசியவர்களுக்கும் வழக்கமான வெள்ளிக் களிம்பு பூசியவர்களுக்கும் கிடைத்த பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 2013இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், குடிநீரில் லாக்டோபேசிலஸ் ரியூட்டெரி கலந்து கொடுக்கப்பட்ட எலிகளின் காயங்கள், மற்ற எலிகளைவிடப் பாதி நேரத்தில் ஆறின. 2018இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தினர் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். காயத்தை ஆற்றும் புரதம் ஒன்றைச் சுரக்கும்படி அதே இன பாக்டீரியாவின் மரபணுவை மாற்றியமைத்து, எலிகளின் புண்ணில் இட்டுப் பலன் கண்டனர்.

இவை மகிழ்ச்சி தரும் செய்திகள். ஆனால் எலியில் கண்ட பலன் மனிதனிடமும் அப்படியே கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. எண்பது பேரிடம் நடந்த ஓர் ஆய்வும் இறுதித் தீர்ப்பு ஆகாது. இந்த இடைவெளியைத்தான் புலனத்தில் பரவும் செய்திகள் மறைத்துவிடுகின்றன. "தயிரில் நல்ல பாக்டீரியா இருக்கிறது, புண்ணில் பூசுங்கள்" என்று ஒருவர் அனுப்பினால், பத்துப் பேர் அதை யோசிக்காமல் பகிர்கிறார்கள்.

ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்துவது, பெயர் தெரிந்த ஒரே வகை பாக்டீரியா. அளந்து, தூய்மையாகத் தயாரிக்கப்பட்டது. வீட்டுத் தயிரில் எந்தெந்த நுண்ணுயிர் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் அளப்பதில்லை. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு நல்ல பாக்டீரியாவே இரத்தத்தில் கலந்து, அரிதாகத் தொற்றை உண்டாக்கியதும் உண்டு. எனவே, திறந்த புண்ணில் தயிர் பூசுவது ஆபத்தான விளையாட்டு.

அறிவியல் படிக்கும் மாணவர்களாகிய நாம் இங்கே செய்யக்கூடியது நிறைய உண்டு. இத்தகைய செய்தி வந்தால் மூன்று கேள்விகளைக் கேட்போம்: சோதனை எலியிலா, மனிதரிலா? எத்தனை பேரிடம்? எதனுடன் ஒப்பிட்டார்கள்? பதில் இல்லையென்றால் பகிராமல் இருப்போம். அதைவிட முக்கியமாக, வீட்டில் நீரிழிவு உள்ள தாத்தா, பாட்டி, பெற்றோரின் பாதங்களைத் தினமும் பார்ப்போம். அவர்களால் குனிந்து உள்ளங்காலைப் பார்க்க முடியாமல் இருக்கலாம், நம்மால் முடியும். கீறல், கொப்புளம், நிறமாற்றம் எது தெரிந்தாலும், "தானாக ஆறிவிடும்" என்று விட்டுவிடாமல் உடனே கிளினிக்கிற்கு அழைத்துச் செல்வோம்.

புரோபயோட்டிக் களிம்பு ஒருநாள் மருத்துவரின் கைக்கு வரலாம். அதுவரை ஒரு காலைக் காப்பாற்ற, நாள்தோறும் நாம் ஒதுக்கும் இரண்டு நிமிடங்கள் உதவும்.