துறைக்கு எந்தக் காமிரா?

நம் விலங்கியல் துறைக்கு ஒரு காமிரா வாங்கப் போகிறார்கள். இரண்டு வாங்கப் பணமில்லை. ஆகவே மாணவரிடையே இரு கட்சிகள். பெரும்பாலோர் கேட்பது கேனான் 1500டி போன்ற டி.எஸ்.எல்.ஆர். நானோ ஓ.எம். சிஸ்டம் டஃப் டிஜி-7 போன்ற, நீரும் அடியும் தாங்கும் சிறு காமிராவின் கட்சி.

எதிர்க்கட்சியின் வாதத்தில் உண்மை உண்டு. 1500டியின் சென்சார் டிஜி-7இன் சென்சாரைவிட ஏறக்குறைய 12 மடங்கு பரப்புள்ளது. மங்கிய ஒளியிலும் படம் தெளிவாக விழும். லென்ஸை மாற்றித் தொலைவிலுள்ள பறவையையும் பிடிக்கலாம்.

ஆனால் நாம் பறவை பார்க்கவா போகிறோம்? மண்டபம் கடற்கரையில் முழங்கால் நீரில் நின்று, பாறையிடுக்கில் ஒளியும் உயிர்களைப் பதிவு செய்யப் போகிறோம். கடல் அட்டை 2001 முதல் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. அதைப் புட்டியில் அடைத்துக் கொண்டுவர முடியாது. படம் ஒன்றே நமக்குக் கிடைக்கும் மாதிரி. அங்கே உப்புநீர் ஒருமுறை உள்ளே புகுந்தால் 1500டியின் கதை முடிந்தது. டிஜி-7 நீரில் 15 மீட்டர் ஆழம் வரையிலும், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும்படி செய்யப்பட்டது. லென்ஸுக்கு 1 சென்டிமீட்டர் அருகிலுள்ள சிற்றுயிரையும் படமெடுக்கும். கரையேறியதும் நன்னீரில் அலசி வைத்தால் போதும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். உடையும் என்று அஞ்சப்படும் கருவி பீரோவுக்குள்தான் வாழும். ஆண்டுக்கு ஒருமுறை விழா மேடையைப் படமெடுக்க வெளியே வரும். முதலாண்டு மாணவன் கையிலும் அச்சமின்றிக் கொடுக்கத்தக்க காமிராவே கல்லூரிக்கு ஏற்றது. பேராசிரியர்கள் முடிவெடுக்குமுன் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.